டெக் திண்ணை: ராத்திரி 9 மணிக்குச் சுத்தும் நெட்... ரெக்கார்டில் மட்டும் எப்படி 'நார்மல்'?

"ராத்திரி 9 மணி ஆனா போதும், நெட் சுத்திக்கிட்டே இருக்கு சார். போன மாசம் பூரா இதே கதைதான்."

"செக் பண்ணிட்டோம் மேடம். போன மாச ரெக்கார்டுல உங்க ஏரியா லைன் நார்மலாத்தான் இருக்கு."

இன்டர்நெட் இணைப்பு இருக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு உரையாடல் நடந்திருக்கும். கேட்பவர்களுக்கு யாரோ ஒருவர் பொய் சொல்வதாகத்தான் தோன்றும். ஆனால், இருவர் சொல்வதுமே உண்மையாக இருக்கலாம். வீட்டில் நெட் சுற்றியதும் உண்மை, அலுவலகத்துத் திரையில் 'நார்மல்' என்று தெரிவதும் உண்மை. அது எப்படி? பதில், நிறுவனத்தின் சர்வருக்குள் இருக்கும் ஒரு டேபிளில் இருக்கிறது. டேபிள் என்றால் மேஜை அல்ல; டேட்டாபேஸில் தகவல்களை வரிசை வரிசையாக எழுதிவைக்கும் கட்டம் போட்ட பதிவேடு.

இ.பி. மீட்டர் மாதிரி ஒரு கணக்கு

வீட்டுக்கு வரும் இன்டர்நெட், தெருமுனைப் பெட்டியில் தொடங்கி நிறுவனத்தின் பெரிய ரவுட்டர் வரை பல கருவிகளைத் தாண்டி வருகிறது. இவை எல்லாவற்றையும் ஆள் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையைச் செய்வதுதான் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். 1988-ல் வெளியான எஸ்.என்.எம்.பி. என்ற பொதுமொழியில், பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு கருவியிடமும் அது கேள்வி கேட்கும்: "இந்த போர்ட் வழியாக இதுவரை எத்தனை பைட் போயிருக்கிறது?"

'இதுவரை' என்ற சொல்தான் முக்கியம். கருவி சொல்வது வேகத்தை அல்ல, மொத்தக் கணக்கை. இ.பி. மீட்டரில் ரீடிங் எடுப்பவர் போன முறை எண்ணை இந்த முறை எண்ணிலிருந்து கழித்து யூனிட் சொல்வாரே, அதே முறைதான். இரண்டு ரீடிங்குக்கு இடையிலான வித்தியாசத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

இந்த ரீடிங்குகளை எழுதிவைக்கப் பொதுவாக மூன்று டேபிள்கள் தேவைப்படும். முதலாவது, கருவிகளின் பட்டியல்: பெயர், முகவரி, எந்த ஊரில் இருக்கிறது. இரண்டாவது, போர்ட்டுகளின் பட்டியல்: எந்தக் கருவியில் இருக்கிறது, அதன் வேகம் என்ன. மூன்றாவதுதான் ரீடிங் டேபிள்: எந்த போர்ட், எத்தனை மணிக்கு, எவ்வளவு.

ஒரே டேபிளில் எல்லாவற்றையும் எழுதினால் என்ன? ஒவ்வொரு ரீடிங்கிலும் 'மதுரை, மேலமாசி வீதி ரவுட்டர், 3-வது போர்ட்' என்று முழுதாக எழுத வேண்டிவரும். நாளைக்கு அந்த ரவுட்டரின் பெயரை மாற்றினால், கோடிக்கணக்கான வரிசைகளைத் திருத்த வேண்டும். அதனால்தான் ரீடிங் டேபிளில் போர்ட்டின் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, மற்ற விவரங்களைத் தனியாக வைக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு 69 லட்சம் வரிசை

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு நடுத்தர நிறுவனத்திடம் 500 ஸ்விட்ச்கள், ஒவ்வொன்றிலும் 24 போர்ட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000 போர்ட்டுகள். உள்ளே வந்தது, வெளியே போனது என ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரீடிங். ஆக, 5 நிமிடத்துக்கு 24,000 வரிசைகள். ஒரு நாளில் 288 முறை ஐந்து நிமிடங்கள் வருகின்றன. கணக்குப் போட்டால், நாளொன்றுக்கு 69 லட்சம் வரிசைகள். வருடத்துக்கு சுமார் 252 கோடி!

இவ்வளவையும் வைத்துக்கொண்டால் ஹார்டு டிஸ்க் நிறையும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு கிராஃபைத் திறக்கவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். எனவே, பழையதைக் கழித்தே ஆக வேண்டும். எதைக் கழிப்பது, எதை வைப்பது? டேபிளை வடிவமைப்பவர் எடுக்கும் மிகப் பெரிய முடிவு இதுதான்.

பால் கணக்கும் காலண்டர் தாளும்

1994-ல், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலைபார்த்த டோபியாஸ் ஓட்டிகருக்கு இதே கேள்வி வந்தது. அங்கே வெளியுலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு. அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆர்வம். அதை கிராஃபாகக் காட்ட அவர் எழுதிய நிரல்தான் எம்.ஆர்.டி.ஜி. பின்னாளில் உலகம் முழுக்கப் பரவியது.

அதில் அவர் செய்த ஏற்பாட்டை, வீட்டில் பால் கணக்கு எழுதுபவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். காலண்டரில் தினமும் எத்தனை பாக்கெட் என்று குறிக்கிறோம். மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டிக் கொடுத்ததும் தாளைக் கிழித்துவிடுகிறோம். போன வருடம் மார்ச் மாதம் மொத்தம் எத்தனை லிட்டர் என்று கேட்டால் சொல்லிவிடலாம். மார்ச் 11-ம் தேதி எத்தனை பாக்கெட் என்று கேட்டால் சொல்ல முடியாது.

எம்.ஆர்.டி.ஜி.யும் அப்படித்தான். 5 நிமிட ரீடிங்குகள் சுமார் 2 நாள் வரை, அரை மணி நேர சராசரி சுமார் 2 வாரம் வரை, 2 மணி நேர சராசரி சுமார் 2 மாதம் வரை, ஒரு நாள் சராசரி சுமார் 2 வருடம் வரை இருக்கும். புதியது உள்ளே வர வர, பழையது சராசரியாகச் சுருங்கும். ஃபைலின் அளவு கூடவே கூடாது. இதே யோசனையை விரிவாக்கி 1999-ல் ஆர்.ஆர்.டி.டூல் என்ற மென்பொருளையும் அவர் வெளியிட்டார். இட நெருக்கடிக்கு அருமையான தீர்வு. ஆனால், சராசரிக்குள் சில உண்மைகள் காணாமல்போகும்.

100 எப்படி 17.5 ஆனது?

ஒரு ஏரியாவுக்கு 100 மெகாபிட் லைன் போகிறது. ராத்திரி 9 முதல் 11 வரை எல்லோரும் சீரியலும் கிரிக்கெட்டும் பார்ப்பதால் 100-ம் நிரம்பிவிடுகிறது. மீதி 22 மணி நேரமும் 10 மெகாபிட்தான் ஓடுகிறது. அந்த நாளின் சராசரி என்ன? 17.5 மெகாபிட்!

அடுத்த மாதம் யாராவது அந்த நாளை எடுத்துப் பார்த்தால், டேபிளில் இருப்பது 17.5 மட்டும்தான். '100-க்கு 17.5 என்றால் லைன் முக்கால்வாசிக்கு மேல் காலியாகத்தானே இருந்திருக்கிறது' என்று பார்ப்பவர் நினைப்பதில் தப்பே இல்லை. 'நார்மலாத்தான் இருக்கு மேடம்' என்ற பதில் இப்படித்தான் பிறக்கிறது.

இதற்கு ஒரு வழி, சராசரியோடு உச்ச அளவையும் எழுதிவைப்பது. லாட்வியாவில் உருவாகி உலகம் முழுக்கப் பயன்படும் ஸாபிக்ஸ் மென்பொருள் இரண்டு வகை டேபிள்கள் வைத்திருக்கிறது. 'ஹிஸ்டரி' டேபிளில் ஒவ்வொரு ரீடிங்கும் அப்படியே இருக்கும். 'டிரெண்ட்ஸ்' டேபிளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரிசைதான். ஆனால், அதில் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம், எத்தனை ரீடிங் என நான்கு எண்கள் இருக்கும். ஹிஸ்டரியைச் சீக்கிரம் அழித்துவிட்டு, டிரெண்ட்ஸை மட்டும் நீண்ட நாள் வைத்துக்கொள்ளலாம். 12 வரிசைகள் ஒன்றாகச் சுருங்கினாலும், 9 மணிக்கும் 10 மணிக்கும் லைன் திணறியது அதில் தெரிந்துவிடும்.

உச்ச அளவு மட்டும் இருந்தால் போதுமா? போதாது. நாளுக்கு ஒரு வரிசை மட்டும் இருந்து, அதில் 'அதிகபட்சம் 100' என்று எழுதியிருந்தால், லைன் 5 நிமிடம் நிரம்பியதா, 2 மணி நேரம் நிரம்பியதா என்று சொல்ல முடியாது. மணிக்கு ஒரு வரிசையாவது வேண்டும்.

பணமும் விதிமுறையும்

நிறுவனங்களுக்கு இடையிலான பில்லிலும் இது எதிரொலிக்கிறது. பெரிய இணைப்புகளுக்கு '95-வது சதமானம்' என்ற முறையில் கட்டணம் போடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். 30 நாள் மாதத்தில் 8,640 ஐந்து நிமிட ரீடிங்குகள் கிடைக்கும். அவற்றில் மிக அதிகமான 5 சதவிகிதத்தை, அதாவது 432 ரீடிங்குகளை, தள்ளுபடி செய்வார்கள். 36 மணி நேரத்துக்குச் சமம். மிச்சத்தில் எது அதிகமோ, அதுவே பில்.

மேலே பார்த்த லைன் தினமும் 2 மணி நேரம் வீதம் மாதத்துக்கு 60 மணி நேரம் நிரம்புகிறது. 36 மணி நேரத்தைத் தள்ளினாலும் 24 மணி நேரம் மிஞ்சும். எனவே பில் 100 மெகாபிட்டுக்கு வரும். அதே மாதத்தை நாள் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் 17.5 மெகாபிட்தான் வரும். லைன் ஒன்று, மாதம் ஒன்று, பில் மட்டும் இரண்டு!

டிராய் 2006-ல் பிராட்பேண்ட் தரத்துக்காகக் கொண்டுவந்த விதிமுறையும், நிறுவனத்தின் உள் இணைப்புகளில் பயன்பாடு 'நெரிசல் நேரத்தில்' 80 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்றே வரையறுத்தது. நாள் சராசரியை மட்டும் சேமிக்கும் டேபிளிடம் நெரிசல் நேரத்தைப் பற்றிக் கேட்கவே முடியாது.

மீட்டர் சுற்றினால்? கதவு எண் மாறினால்?

அழிப்பதில் மட்டுமல்ல, எழுதுவதிலும் இரண்டு பொறிகள் உண்டு.

முதல் பொறி, கவுன்டரின் அளவு. பழைய இ.பி. மீட்டர் 99999-ஐத் தொட்டதும் மறுபடி 00000 என்று ஆரம்பிக்கும் அல்லவா? பழைய 32 பிட் கவுன்டரும் சுமார் 429 கோடி பைட்டைத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரு ஜிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால், இது 34 விநாடிக்கு ஒருமுறை நடக்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எட்டிப்பார்க்கும் மென்பொருளுக்கு, இடையில் எத்தனை முறை சுற்றியது என்று தெரியாது. விளைவு, 1,000 மெகாபிட் ஓடினாலும் கணக்கில் அதிகபட்சம் 115 மெகாபிட்தான் காட்டும். இதற்காகவே 64 பிட் கவுன்டர் பின்னால் வந்தது. கருவியில் அதை இயக்கினால் மட்டும் போதாது. டேபிளில் அந்த எண்ணை எழுதும் கட்டமும் அதே அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பொறி, போர்ட்டின் எண். கருவி தன் போர்ட்டுகளுக்குத் தானே ஓர் எண் கொடுத்துக்கொள்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டாலோ, புதிதாக ஒரு கார்டு செருகினாலோ அந்த எண் மாறிவிடலாம். சென்னையில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று கதவில் எழுதியிருப்பார்களே, அந்தக் குழப்பம்தான். ரீடிங் டேபிள் இந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால், நேற்றுவரை பள்ளிக்கூடத்தின் கணக்கு எழுதப்பட்ட இடத்தில், இன்று ஆஸ்பத்திரியின் கணக்கு சேர்ந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. கிராஃபும் அழகாகவே இருக்கும். எனவே நல்ல மென்பொருள், மாறாத சொந்த எண் ஒன்றை வைத்துக்கொண்டு, போர்ட்டின் பெயரையும் அதற்கு நிர்வாகி சூட்டிய அடையாளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதும்.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. இன்றைய ஸோஹோ நிறுவனம் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, அதன் தொழிலே நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான்.

என்ன செய்யலாம்?

அலுவலகத்திலோ கல்லூரியிலோ நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்கள் மூன்றைச் சரிபார்க்கலாம்: 5 நிமிட ரீடிங்குகள் எத்தனை நாள் இருக்கின்றன, சுருக்கும்போது உச்ச அளவும் சேமிக்கப்படுகிறதா, 64 பிட் கவுன்டர்தான் ஓடுகிறதா? பில்லோ புகாரோ எத்தனை நாள் கழித்து வரக்கூடுமோ, அத்தனை நாளாவது அசல் ரீடிங்குகள் இருக்க வேண்டும்.

வீட்டில் நெட் சுற்றினால், மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். அசல் ரீடிங்குகள் அழிவதற்குள், முடிந்தால் அன்றைக்கே, புகார் கொடுத்துவிடுங்கள். 'ஸ்லோவா இருக்கு' என்று மட்டும் சொல்லாமல் தேதியையும் நேரத்தையும் சொல்லுங்கள். ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நார்மலாத்தான் இருக்கு' என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி இதுவாக இருக்கட்டும்: "அது நாள் முழுக்கச் சேர்த்த சராசரியா சார், இல்ல ராத்திரி 9 மணி ரீடிங்கா?"