மேளா மைதானத்தில் மதிற்சுவர்

மேற்கு வங்காளத்தில் பீர்பூம் ஜில்லாவில் போல்பூர் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் சாந்திநிகேதன். மகாகவி ரவீந்திரநாத் தாகூர் ஸ்தாபித்த விசுவபாரதிப் பல்கலைக்கழகம் அங்கே நடக்கிறது. வருஷக் கடைசியில், வங்காளிகளின் பௌஷ மாதம் ஏழாம் தேதி, அதாவது நம்முடைய மார்கழி மாதத்தில், டிசம்பர் 22, 23 தேதி வாக்கில், அந்தப் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு பெரிய சந்தை கூடும். அதற்குப் பௌஷ மேளா என்று பெயர்.

விடியுமுன்பே மாணவர்கள் பாடிக்கொண்டு ஆசிரமத்தைச் சுற்றி வருவார்கள். ஷெனாய் வாசிப்பார்கள். ஏழிலைப்பாலை மரத்தடியில் பிரார்த்தனை நடக்கும். இது படித்தவர்களின் வைபவம். மைதானத்தில் கூடுவது வேறொரு கூட்டம். மண் பாண்டம் சுமந்து வரும் குயவர், பித்தளை வார்த்துப் பொம்மை செய்யும் டோக்ராத் தொழிலாளி, பழைய சேலைகளை அடுக்கித் தைத்துப் பூ வேலை செய்யும் பெண்கள், தோல் பை செய்வோர், அரிவாளும் கோடாலியும் விற்கும் கொல்லர் எல்லோரும் வந்து கடை போடுவார்கள். சந்தால் மக்கள் பறை கொட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்து சேருவார்கள். ஒற்றைத் தந்தி மீட்டும் பாவுல் பாடகர்கள் இரவெல்லாம் பாடுவார்கள். பேராசிரியரும் கூலிக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து அதைக் கேட்பார்கள்.

வங்காளத்துச் சந்தை நமக்கு எதற்கு என்று ஆலைத் தோழர் ஒருவர் கேட்கலாம். அறுவடைக் கூலிக்கே போராட வேண்டியிருக்கும்போது பல்கலைக்கழகத்து வைபவத்தைப் பற்றித் தலையங்கமா என்று விவசாயத் தொழிலாளியும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல்கலைக்கழகம் என்றால் நம்மவர்களுக்குத் தெரிந்தது வாசலில் நிற்கும் காவலாளி மட்டுமே. அஸ்திவாரத்துக்கு மண் வெட்டியவர், சாரத்தில் ஏறிச் செங்கல் சுமந்தவர், கட்டடம் முடிந்து திறப்பு விழா ஆனதும் வெளியே நின்றுவிட வேண்டியதுதான். உள்ளே சொற்பொழிவு நடக்கிறது, நாடகம் நடக்கிறது, சங்கீதம் நடக்கிறது. எல்லாம் பொதுமக்களின் வரிப்பணத்தில்தான் நடக்கிறது. ஆனால் பொதுமக்களுக்கு அழைப்பு இல்லை. நாட்டிலுள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் கதை இதுதான். சாந்திநிகேதன் ஓரளவுக்கு வேறு விதமாக இருந்தது. அதனால்தான் அங்கே மதிற்சுவர் எழும்பியது என்ற செய்தி நம்முடைய செய்தியுமாகிறது.

முதலில் பத்திரத்தைப் பார்ப்போம். 1863-ல் கவியின் தந்தை தேவேந்திரநாத் தாகூர், ராய்ப்பூர் ஜமீன்தாரிடமிருந்து இருபது பிகா தரிசு நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு வாங்கினார். 1888-ல் அதை டிரஸ்டாக எழுதி வைத்தார். அந்தப் பத்திரத்திலேயே மேளாவுக்கு ஷரத்து இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு மேளா கூட்ட டிரஸ்டிகள் முயற்சி எடுக்க வேண்டும். சகல மதத்தாரும் வந்து கலந்து பேச வேண்டும். விக்கிரக ஆராதனையும் ஆபாசக் கேளிக்கையும் கூடாது. மதுவும் மாமிசமும் நீங்கலாக எந்தச் சரக்கையும் விற்கலாம், வாங்கலாம். வருமானம் வந்தால் அதை மேளாவுக்கோ ஆசிரமத்துக்கோ செலவிட வேண்டும். (மாமிசம் பற்றி நமக்கு அபிப்பிராய பேதம் உண்டு. சந்தால் மக்களுக்கும் இருந்திருக்கும். அது இப்போதைய விஷயமல்ல.)

மேளா தொடங்கியது 1894-ல். பள்ளிக்கூடம் வந்தது 1901-ல். விசுவபாரதி முறைப்படி ஆரம்பமானது 1921 டிசம்பர் 23-ந் தேதி, அதுவும் பௌஷ மாதத்தில்தான். மத்திய சர்க்கார் சட்டம் போட்டு அதைத் தன் பல்கலைக்கழகமாக்கிக் கொண்டது 1951-ல். ஆகவே பல்கலைக்கழகத்தைவிட மேளா இருபத்தேழு வயது மூத்தது. மேளா அங்கே விருந்தாளியாக வந்ததல்ல. மேளா கூடிய மண்ணில்தான் பல்கலைக்கழகம் பிற்பாடு வந்து உட்கார்ந்தது.

தாகூர் குடும்பம் ஜமீன்தார் குடும்பம். இதை மறைக்க வேண்டியதில்லை. குடியானவரின் வாரத்தில் வாழ்ந்த குடும்பம்தான் அது. ஆனாலும் கவி தாம் கண்டதைக் காணாததுபோல நடிக்கவில்லை. 1922-ல் பக்கத்திலேயே ஸ்ரீநிகேதனை ஏற்படுத்தி, விவசாயமும் கைத்தொழிலும் கிராமச் சுகாதாரமும் பல்கலைக்கழகத்தின் வேலை என்றார். 1924-ல் ஏழைப் பிள்ளைகளுக்காகச் சிக்ஷாசத்திரம் என்ற பள்ளிக்கூடம் தொடங்கினார். 1930-ல் சோவியத் நாட்டுக்குப் போனபோது, சித்திரசாலைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் தொழிலாளரும் விவசாயிகளும் வந்து நிறைவதைக் கண்டு வியந்து கடிதங்கள் எழுதினார். ஊர் திரும்பிச் சில ஆண்டுகளுக்குள், கல்லூரி வாசலை மிதிக்க வசதியில்லாதவர்கள் வீட்டிலிருந்தபடியே படித்துப் பரீட்சை எழுதுவதற்காக லோகசிக்ஷா சம்சத் என்ற அமைப்பு உருவாயிற்று. அந்த வரிசைக்காகக் கவி தமது எழுபத்தாறாவது வயதில் அணுவையும் நட்சத்திரங்களையும் பற்றி எளிய வங்காளியில் ஒரு விஞ்ஞான நூல் எழுதினார். ‘விசுவபரிசயம்’ என்ற அந்த நூல் 1937-ல் வந்தது. விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போசுக்கு அதைச் சமர்ப்பித்தார்.

சொற்பொழிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாந்திநிகேதனில் விடுமுறை நாள் புதன்கிழமை. புதன்கிழமைதோறும் பிரார்த்தனை மண்டபத்தில் கவி பேசுவது வழக்கமாக இருந்தது. கடைசிப் பெரும் உரை 1941 ஏப்ரல் 14-ல், வங்காள வருஷப் பிறப்பன்று நடந்தது. எண்பது வயது நிறையும் தறுவாய், உடல் நலிந்துவிட்டது. அவர் எழுதியதை க்ஷிதிமோகன் சென் எழுந்து வாசித்தார். பிரிட்டிஷ் நாகரிகத்தின்மீது இளமையில் தமக்கிருந்த நம்பிக்கை முற்றிலும் உடைந்துவிட்டது என்று கவி அதில் பகிரங்கமாக அறிவித்தார். நாலு மாதத்தில் காலமானார். ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சொற்பொழிவு எதற்காக நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை. மாலை மரியாதைகளுக்கும் மந்திரிகளின் புகழுரைகளுக்கும் மேடை போடுவதாக இருந்தால் அதற்குக் கல்யாண மண்டபம் போதும்.

இனி கலைக்கு வருவோம். ஆலைத் தோழர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். சாந்திநிகேதன் கலாபவனத்தின் திறந்த வெளியில் இரண்டு பெரிய சிலைகள் நிற்கின்றன. செய்தவர் ராம்கிங்கர் பைஜ். பாங்குராவில் நாவிதர் குடும்பத்தில் 1906-ல் பிறந்து, பத்தொன்பதாவது வயதில் அங்கே வந்து சேர்ந்தவர். வெண்கலத்துக்கும் சலவைக் கல்லுக்கும் பணம் ஏது? சிமெண்டையும் அந்த ஊர்ச் செம்மண் சரளைக் கல்லையும் குழைத்து அப்பினார். 1938-ல் செய்த முதல் சிலை ஒரு சந்தால் குடும்பம். புருஷன் தோளில் காவடித் தண்டு. ஒரு பக்கத்துக் கூடையில் குழந்தை, மறு பக்கம் தட்டுமுட்டுச் சாமான். மனைவி தலையில் சுமையுடன் கூட நடக்கிறாள். கால்மாட்டில் நாய். பிழைப்புத் தேடி வீட்டையே தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ராஜாக்களுக்கும் கவர்னர்களுக்கும் மட்டுமே சிலை வைத்துக்கொண்டிருந்த நாட்டில், கூலி தேடிப் போகும் குடும்பத்துக்கு ஆள் உயரத்தையும் மிஞ்சிய சிலை எழுந்தது.

இரண்டாவது சிலை 1956-ல் செய்தது. ஆலைச் சங்கு ஊதிவிட்டது. இரண்டு சந்தால் பெண்கள் அரிசி ஆலைக்கு ஓடுகிறார்கள். நனைந்த சேலையை மாற்ற நேரமில்லை. ஓடுகிற ஓட்டத்திலேயே காற்றில் அது உலர்கிறது. பின்னால் ஒரு பையன் ஓடி வருகிறான். ‘ஆலைச் சங்கு’ என்பதுதான் சிலையின் பெயர். காலைச் சங்குக்குப் பயந்து ஓடி, ஒரு நிமிஷம் பிந்தினால் கேட்டைச் சாத்திவிடுவார்களே என்று நெஞ்சு பதைத்தவர்களுக்கு இந்தச் சிலையை விளக்கிச் சொல்ல வாத்தியார் தேவையில்லை. அந்த ஓட்டத்தில் துயரம் மட்டுமல்ல, பலமும் இருக்கிறது. பெண்களின் கால்களைப் பார்த்தால் தெரியும். போல்பூர் அரிசி ஆலைக்குப் போகிறவர், வழியில் தன்னையே சிலையாகப் பார்க்க முடிந்தது. ராம்கிங்கர் அதைப் பூட்டிய மண்டபத்துக்குள் வைக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் நிறுத்தினார்.

அதே கலாபவனத்துக்கு 1944-ல் ஒரு மாணவர் வந்தார். பெயர் கே.ஜி. சுப்பிரமணியன். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றதால் சர்க்கார் கல்லூரிகளின் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. சென்னையில் சாத்திய கதவு சாந்திநிகேதனில் திறந்திருந்தது. பின்னாளில் நாடறிந்த ஓவியராகி, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, கலாபவனத்துக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர் முழுவதையும் கறுப்பு வெள்ளைச் சித்திரத்தால் நிறைத்தார். கலாபவனத்தில் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் இன்னொரு சிறு மேளாவும் நடக்கும். ஓவியர் நந்தலால் போசின் பிறந்த நாளையொட்டி ஆசிரியரும் மாணவரும் தங்கள் கையால் செய்த பொருள்களை விற்று, பணத்தை மாணவர் சகாய நிதிக்குச் சேர்ப்பார்கள். இதுவும் நல்ல ஏற்பாடு.

இப்படிப்பட்ட இடத்தில்தான் சுவர் வந்தது. பௌஷ மேளா 1943-ல் நின்றது. அது லட்சக்கணக்கான மக்கள் பஞ்சத்தில் மடிந்த ஆண்டு. 1946-ல் நின்றது, அது மதக் கலவர ஆண்டு. 2020-ல் மீண்டும் நின்றது. கொரோனா பரவிய அந்த ஆண்டில் கூட்டம் வேண்டாமென்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நிர்வாகம் ஜூலை மாதத்திலேயே, இனி மேளா நடத்தும் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று தீர்மானித்தது. ஆகஸ்டில் மைதானத்தைச் சுற்றிச் சுவர் வேலை தொடங்கியது. 17-ந் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு வந்தார்கள். மண் வாரும் இயந்திரத்தைக் கொண்டு வாசற்கதவு இடிக்கப்பட்டது. சிமெண்டும் செங்கல்லும் சிதறின. பல்கலைக்கழகம் காலவரையின்றி மூடப்பட்டது.

பொதுச் சொத்தை உடைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஏழை எளியவர்கள் மட்டும் இருந்தார்கள் என்றும் சொல்லவில்லை. வியாபாரிகள் இருந்தார்கள், ஆளுங்கட்சிப் பிரமுகர்களும் இருந்தார்கள். அவரவர் கணக்கு அவரவருக்கு. ஆனால் கூட்டம் ஏன் திரண்டது என்பதற்கு, தூண்டிவிட்டார்கள் என்று சொல்வது போதுமான பதிலல்ல. எத்தனையோ தலைமுறையாக நடந்து வந்த பாதையில், கேட்காமல் கொள்ளாமல் அஸ்திவாரம் தோண்டினால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

நிர்வாகத்தின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மேளா பெருத்துப் போய்விட்டது. குப்பையும் புகையும் ஒலிபெருக்கி இரைச்சலும் சேர்ந்தன; விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 2019-ல் குறித்த நாளில் கடைகளைக் காலி செய்வது பற்றித் தகராறும் நடந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் சந்தையில் குப்பை சேர்ந்தால் துப்புரவுத் தொழிலாளிக்கு நல்ல கூலி கொடுத்துக் கூட்டுவதுதானே முறை? குடிநீர்க் குழாய் வேண்டும், கக்கூஸ் வேண்டும், பெரிய கடைக்காரருக்கும் கம்பெனிகளுக்கும் இடத்தைக் குறைத்துச் சிறு கைவினைஞருக்குக் கொடுக்க வேண்டும். செய்யக்கூடிய காரியங்கள் இவை. இவற்றில் முழு மனதோடு இறங்காமல் மேளாவையே கைகழுவியதுதான் நமது ஆட்சேபம்.

மைதானத்தைக் காக்கச் சுவர் என்கிறார்கள். சாந்திநிகேதனைச் சுற்றிக் கல்கத்தாத் தனவந்தர்களின் ஓய்வு பங்களாக்களும் உல்லாச விடுதிகளும் வரிசையாக எழும்பியிருக்கின்றன. அந்த நில வியாபாரத்தை எந்தச் சுவரும் தடுக்கவில்லை. மண்ணின் சொந்தக்காரர்களான சந்தால் மக்கள் அவற்றில் கொத்து வேலைக்கும் பாத்திரம் தேய்க்கவும் போகிறார்கள். மேலேயுள்ளவர்களின் மனப்போக்கைக் காட்ட இன்னொரு சம்பவமும் உண்டு. 2023 செப்டம்பரில் சாந்திநிகேதன் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. அதற்காக வைத்த பலகைகளில் பிரதமரின் பெயர் இருந்தது, துணைவேந்தரின் பெயர் இருந்தது. தாகூரின் பெயரைக் காணோம்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்தப் பலகைகள் போயின.

2021, 2022 ஆண்டுகளில் போல்பூர்வாசிகள் ஊருக்குள் வேறொரு மைதானத்தில் மாற்று மேளா நடத்தினார்கள். பாவுல்கள் அங்கேயும் வந்து பாடினார்கள். 2023-ல் மாநில சர்க்காரின் பொறுப்பில் மேளா பழைய மைதானத்துக்குத் திரும்பியது. 2024 டிசம்பரில் பல்கலைக்கழகமும் டிரஸ்டும் சேர்ந்து தாங்களே நடத்தின. இதை வரவேற்கிறோம். ஒரு துணைவேந்தர் நிறுத்தவும் இன்னொருவர் நடத்தவும் கூடியதாக மேளா இருக்கிறவரை இந்த வரவேற்பு அரை மனதோடுதான்.

மேளாவை நடத்தும் குழுவில் கைவினைஞருக்கும் சிறு கடைக்காரருக்கும் சுற்றுப்புறச் சந்தால் கிராமங்களுக்கும் நிரந்தரமாக இடம் தர வேண்டும். கடை வாடகையும் முன்பணமும் எவ்வளவு என்பதை அந்தக் குழுவே தீர்மானித்து, கணக்கை மைதானத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். மேளா நாட்களில் நடக்கும் சொற்பொழிவுகளில் ஒரு பகுதியாவது சந்தாலி மொழியில் நடக்க வேண்டும். அந்த மொழிக்குத் தனித் துறையே வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு இது சிரமமல்ல. 1888-ம் ஆண்டுப் பத்திரத்தின் மேளா ஷரத்தை வங்காளியிலும் சந்தாலியிலும் பெரிய எழுத்தில் எழுதி, மைதான வாசலில், காவலாளி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே வைக்க வேண்டும்.