அவசரத்துக்கு உதவாத தொலைபேசி யாருக்கு?

பழைய செம்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்சேஞ்சிலிருந்தே வந்தது. தெருவே இருண்டாலும் பேச முடிந்தது. இன்டர்நெட் தொலைபேசிப் பெட்டியோ, பேட்டரி இல்லையென்றால், கரண்ட் போனதும் செத்துவிடும். 112-ஐ எங்கே சுற்றுவது?

இக்கம்பெனிகள் அவசர அழைப்பு வசதி தர ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயம் வேண்டாம் என்று 2017 அக்டோபரில் டிராய் பரிந்துரைத்தது. என்ன கரிசனம், முதலாளிகள் மீது! ஓடும் ரயிலில் பயணி ஊழியருக்குத் தகவல் தர வழி இருந்தே ஆகவேண்டும் என்கிறது 1989 ரயில்வே சட்டம். அபாயச் சங்கிலியை யாரும் 'ஊக்குவிக்க'வில்லை.

குறையைச் சந்தாதாரருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்றும் அதே டிராய் சொன்னது. தாபோடியிலும் தேஹுரோடிலும் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மிடம் யார் வந்து சொன்னார்கள்? கணக்கில் பழைய முகவரி கிடந்தால் ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்கும்?

பில் கட்டும்போது கேளுங்கள்: 112 போகுமா? எந்த முகவரி காட்டும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.