கூடையோடு நடப்பவர் எந்த வகை?

கனடாவில் வாழும் பொறியியலாளர் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். மலையக வீதி விபத்துகளைப் பற்றி நான் ஓயாமல் எழுதுவது அவருக்குச் சலிப்பூட்டுகிறதாம். சாரதி இல்லாத வாகனம் வந்துவிட்டால் மனிதத் தவறும் ஒழியும், விபத்தும் ஒழியும் என்கிறார். வரட்டும். அதற்கு முன் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு, பதுளை - பசறை வீதியில் அவர் என்னோடு நடக்க வேண்டும்.

அங்கே ஒரு மனிதரை முழுதாகக் காண்பதே அரிது. தேயிலைச் செடி இடுப்புவரை மறைக்கும். முதுகைக் கொழுந்துக் கூடையோ விறகுக்கட்டோ மறைக்கும். மழையென்றால் தலையிலிருந்து முழங்கால்வரை பொலித்தீன். பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வெள்ளைப் பனிமூட்டத்துக்குள் நடப்பார்கள். பல இடங்களில் நடைபாதையே கிடையாது. வாகனம் வந்தால் கானுக்குள் இறங்கி நிற்பதுதான் வழக்கம்.

இயந்திரத்துக்குப் படங்களைக் காட்டித்தான் மனிதரை அடையாளம் காணப் பழக்குகிறார்கள். 2009இல் வெளிவந்த கால்டெக் தொகுப்பு லொஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. அதிலேயே 70 வீதத்துக்கு மேற்பட்ட பாதசாரிகள் ஒருமுறையாவது எதன் பின்னாலோ மறைந்தார்கள். 2017இன் சிட்டிபெர்சன்ஸ் தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் ஜெர்மானிய நகரங்கள். அடுத்த ஆண்டு ஹைதராபாத் ஆய்வாளர்கள் இந்திய வீதிகளைத் தொகுத்தார்கள். நல்ல காரியம், ஆனால் அதுவும் ஹைதராபாத்தும் பெங்களூரும்தான். பனிமூட்டமோ கமராவின் பார்வையையும் லேசர் ஒளியையும் ஒருசேரக் கெடுக்கும்.

மறைவைக்கூட விடுவோம். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த எலெய்ன் ஹெர்ஸ்பெர்க் எதன் பின்னாலும் மறைந்திருக்கவில்லை. ஊபரின் சோதனை வாகனம் மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே அவரைக் கண்டுவிட்டது. வாகனம் என்றது, வேறேதோ என்றது, சைக்கிள் என்றது. கடவை இல்லாத இடத்தில் மனிதர் வீதியைக் கடப்பார் என்று அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில் வெளியானது. ஆசனத்தில் இருந்த மேற்பார்வையாளரும் வீதியைப் பார்க்கவில்லை. எங்கள் தோட்ட வீதிகளில் கோடு போட்ட கடவைகளைப் பொறியியலாளர் எண்ணிச் சொல்லட்டும்.

மனிதத் தவறு என்று அவர் சொல்வது எவருடைய தவறு? 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையருகே பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 14 பேர் இறந்தார்கள். முன்னரே சரிந்த பாறையொன்று அங்கே வீதியை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. அதைக் காண எந்த உணர்கருவியும் வேண்டியிருக்கவில்லை. அவ்வழியே போன சாரதிகள் எல்லோரும் கண்டார்கள். அகற்றத்தான் ஆளில்லை. வளைவுகளில் மண்மேட்டைச் செதுக்கவும், குவியாடி நடவும், ஓரத்தில் மூன்றடி நடைபாதை போடவும் எந்தச் செயற்கை அறிவு வர வேண்டும் என்று காத்திருக்கிறோம்?

ஆய்வுக்கு நான் எதிரியல்லன். பொறியியலாளர் தம் கமராக்களோடு ஒக்டோபர், நவம்பர் மழையில் வரட்டும். படம் எடுக்கத் துணைக்கு நான் வருகிறேன். ஓகஸ்ட் வெயிலில் வந்து எல்லயின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடித்துப் போக ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.