ஓடாத கடிகாரம் உரைக்கும் பாடம்

காலத்தைக் காட்டுவது கடிகாரம். அக்கடிகாரத்தையும் காலம் பழையதாக்கி மூலையில் ஒதுக்கிவிடுகின்றது. ஓடாத கடிகாரத்தால் பயன் என்ன என்று கேட்போர் பலர். அதற்குத் தக்க விடையை ஜெர்மனி நாட்டுச் சிறு நகரம் ஒன்று தந்துள்ளது.

அந்நாட்டின் தென்மேற்கே கருங்காடு என்று பொருள்படும் பெயருடைய மலைநாடு ஒன்று உண்டு. அதன்கண் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஃபுர்ட்வாங்கன் நகர். அங்குப் பனிக்காலம் நெடியது, விளைநிலம் சிறியது. பண்ணை நிலத்தைக் கூறுபோடாமல் பிள்ளைகளுள் ஒருவருக்கே உரிமையாக்கும் வழக்கமும் அப்பகுதியில் இருந்தது. ஆதலின் ஏனையோர் வேறு பிழைப்பைத் தேடலாயினர். காட்டில் மரம் மிகுதி. கையில் திறம் மிகுதி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அம்மக்கள் மரத்தால் கடிகாரம் செய்தனர். சட்டமும் மரம், பற்சக்கரமும் மரம். நாளடைவில் சக்கரம் செய்வோர், மணி வார்ப்போர், முகப்புப் பலகையில் மலர் தீட்டுவோர் எனத் தொழில் பல கிளையாக விரிந்தது. கடிகாரங்களை முதுகிற் சுமந்து நாடுதோறும் சென்று விற்றோரும் இருந்தனர்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தொழிலுக்கு இடையூறு நேர்ந்தது. அமெரிக்க நாட்டில் இயந்திரத்தால் செய்த மலிவான பித்தளைக் கடிகாரங்கள் ஐரோப்பியச் சந்தையிலும் புகுந்தன. கைத்தொழிலாளர் கலங்கினர். அவர்தம் துயர் நீக்கும் பொருட்டு, பாடன் அரசு 1850இல் ஃபுர்ட்வாங்கனில் கடிகாரத் தொழிற்பள்ளி ஒன்றை நிறுவியது. அதன் முதல் தலைவர் ராபர்ட் கெர்விக் என்னும் பொறியியலறிஞர். அவர் புதிய முறைகளைக் கற்பிக்க முனைந்ததோடு நில்லாமல், 1852 முதல் பழைய கடிகாரங்களையும் தேடித் திரட்டலானார். அத்தொகுப்பே இன்று ஜெர்மானியக் கடிகார அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அந்நகரின் உயர்கல்வி நிறுவனமே அதனைப் பேணி வருகின்றது.

புதுமை புகட்ட வந்தவர் பழமையைத் திரட்டியது முரணன்றோ எனச் சிலர் வினவலாம். முரணன்று, அதுவே அறிவுடைமை. முன்னோர் எவ்விடத்தில் வென்றனர், எவ்விடத்தில் இடறினர் என்பதை அவர் செய்த பொருளே காட்டும். மரப் பற்சக்கரத்தைக் கண்ணால் கண்ட மாணவனுக்கு, பித்தளைச் சக்கரம் ஏன் வந்தது என்பது எளிதில் விளங்கும். பழமையை அறிந்தவனே புதுமையின் அளவையும் அறிவான்.

குயிற் கடிகாரமே இதற்குச் சான்று. சிறு வீடுபோன்ற அதன் வடிவத்தைப் பலர் மிகப் பழையது என்று எண்ணுவர். உண்மை வேறு. 1850இல் கெர்விக் புதிய கடிகார வடிவங்களை வேண்டி ஒரு போட்டி அறிவித்தார். இருப்புப்பாதைக் கட்டடங்களை அமைத்த ஐசன்லோர் என்னும் கட்டடக் கலைஞர், இருப்புப்பாதைக் காவலர் வீட்டின் வடிவில் ஒரு கடிகாரம் வரைந்து அனுப்பினார். அன்றைய புதுமையே இன்றைய மரபாயிற்று. இவ்வுண்மையைப் பேணிய பொருள்கள் உரைக்கின்றன. அவை அழிந்திருப்பின் கட்டுக்கதையே எஞ்சியிருக்கும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அரசர் பெயரைக் கல்வெட்டுக் காக்கும். புலவர் பெயரை ஏடு காக்கும். பனிக்குளிரில் விளக்கொளியில் அமர்ந்து சக்கரம் செதுக்கிய எளியவன் பெயரை யார் காப்பார்? அவன் கைத்தடம் பதிந்த பொருளன்றோ காக்க வேண்டும்! அப்பொருளும் அவன் வாழ்ந்த மண்ணிலேயே இருப்பின், அதன் காரணமாகிய பனியும் காடும் அருகே நின்று பொருள் விளக்கும். தொலைவிலுள்ள தலைநகரின் மாளிகையில் வைத்தால் அது வெறும் வேடிக்கைப் பொருளாகிவிடும்.

கெர்விக் காலத்தாற் செய்ததே அவர் செய்த பேருதவி. தொழில் முற்றும் மறைந்தபின் தேடியிருப்பின், மரக் கடிகாரங்கள் பல அடுப்பிற் புகுந்திருக்கும். அவற்றின் நுட்பம் அறிந்த முதியோரும் மறைந்திருப்பர். ஊர்தோறும் மறைந்துவரும் தொழில் ஒன்றேனும் இருக்கும். அதன் கருவிகளைக் கண்டு, பெயர்களைக் கேட்டு, செய்முறையை எழுதி வைத்தல் இளையோர் கடமை. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. முதியவர் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்கும் பொறுமை போதும். நின்ற கடிகாரத்தை மீண்டும் ஓட்டலாம். மறைந்த அறிவை மீட்டல் அரிது.