4 எஸ் க்யூப் மனப்பாடம், லிட்டர் மட்டும் மறந்துபோச்சு!

ஜெய்ப்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இங்கே தமிழ்க் குடும்பங்கள் நாலு கூடினா பேச்சு மூணே விஷயம்தான். மாவு புளிச்சுதா, ஊருக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா, பிள்ளையைக் கோட்டாவுக்கு அனுப்பலாமா. இந்தப் பதிவு மூணாவதைப் பத்தினது. கோபமாத்தான் எழுதறேன், முன்னாடியே சொல்லிடறேன்.

என் பெண் பதினோராம் வகுப்பு. சமநிலைப் பாடத்தில் கரைதிறன் பெருக்கம் வருது. (ஊரில் தமிழ் மீடியத்தில் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் ஞாபகம் இருக்கும். இங்கே பசங்களுக்கு அது கே.எஸ்.பி.) அவள் போகிற கோச்சிங் சென்டர் நோட்ஸை வாங்கிப் பார்த்தேன். ஒரு கட்டம் போட்டு, ஏபி வகை உப்புன்னா எஸ் ஸ்கொயர், ஏபி2 வகைன்னா 4 எஸ் க்யூப், ஏ2பி3 வகைன்னா எஸ்-இன் ஐந்தாம் அடுக்கை 108-ஆல் பெருக்குன்னு இருக்கு. கீழே வரிசையா கணக்குகள். அத்தனையிலும் கரைதிறனை மோல்/லிட்டரிலேயே கொடுத்துட்டாங்க! யூனிட் மாத்தறது குமாஸ்தா வேலை, அதில் நேரத்தை வீணடிக்காதீங்கன்னு சார் சொன்னாராம்.

சார், நீங்க குமாஸ்தா வேலைன்னு தள்ளிவிட்ட அந்த ஒரு படியில்தான் கெமிஸ்ட்ரியே இருக்கு. மிச்சமெல்லாம் கால்குலேட்டர் வேலை.

கால்சியம் ஃபுளோரைடை எடுத்துக்குவோம். 100 மில்லி தண்ணீரில் சுமார் 0.0016 கிராம்தான் கரையும். டேட்டா புத்தகங்களில் பெரும்பாலும் இப்படித்தான், 100 மில்லிக்கு அல்லது 100 கிராம் தண்ணீருக்குக் கொடுத்திருப்பாங்க. ஒரு லிட்டருக்கு மாத்தினா 0.016 கிராம். ஒரு மோல் எடை 78 கிராம் (40 + 19 + 19). வகுத்தா 0.000205 மோல்/லிட்டர். கரையும்போது ஒரு கால்சியம் அயனியும் ரெண்டு ஃபுளோரைடு அயனியும் வரும். அப்போ ஃபுளோரைடு 0.00041. அதை ஸ்கொயர் பண்ணி 0.000205-ஆல் பெருக்கினா 3.45 × 10⁻¹¹. முடிஞ்சது, நாலு வரி.

இப்போ 100 மில்லியை லிட்டர்னு நினைச்சுட்டா? கரைதிறன் 10 மடங்கு குறையும். ஆனா இங்கே க்யூப் இருக்கே, விடை 1000 மடங்கு தப்பு. 78-ஆல் வகுக்க மறந்து கிராமை அப்படியே போட்டா? 78-இன் க்யூப், அதாவது 4,74,552 மடங்கு தப்பு! 4 எஸ் க்யூப்பை எவ்வளவு அழகா மனப்பாடம் பண்ணியிருந்தாலும் இதைக் காப்பாத்தாது. எஸ் என்றால் என்ன, எத்தனை தண்ணீரில், எந்த அளவில் என்று கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த ஃபார்முலா வெறும் மந்திரம்.

"சும்மா ரேங்க் வாங்கட்டும் சார், கெமிஸ்ட்ரி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"னு ஒரு கோஷ்டி வரும், தெரியும். அவங்களுக்கு நம்ம வீட்டுக் குழாய்லேர்ந்தே பதில் சொல்றேன்.

ராஜஸ்தானில் பல மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். நாகௌர் பக்கம் போனவங்களுக்குக் கறை படிஞ்ச பற்கள் புதுசு இல்லை. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் இதே கதைதான். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பேரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு சேர்ந்திருக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லைன்னா 1.5 வரை. கவனிங்க, மில்லிகிராம். எந்தத் தண்ணி ரிப்போர்ட்டும் மோலில் வராது.

மேலே வந்த 0.00041 மோலை 19-ஆல் பெருக்குங்க. லிட்டருக்கு 7.8 மில்லிகிராம். அந்தக் கனிமம் சுத்தத் தண்ணீரில் கரைஞ்சாலே வரம்பைப் போல அஞ்சு மடங்கு! தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் லிட்டருக்கு 80 மில்லிகிராம், அதாவது 0.002 மோல் இருந்தா? ஃபுளோரைடு சுமார் 2.5 மில்லிகிராமுக்கு மேல் நிற்காது. கால்சியம் 8 மில்லிகிராம்தான் என்றால் 7.9 வரை போகலாம். அதாவது சோப்பு நல்லா நுரைக்குது, பருப்பு சீக்கிரம் வேகுதுன்னு நாம கொண்டாடற மென்னீரில்தான் ஃபுளோரைடுக்கு இடம் அதிகம். நிஜ நிலத்தடி நீரில் வேறு உப்புகளும் இருக்கும், அதனால் இது தோராயம்தான். ஆனா போகிற திசை சரி. கடின நீர்ன்னா பயமில்லைன்னும் அர்த்தம் இல்லை, 2.5-ம் வரம்புக்கு மேலதான். கையில் பிடிக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. லேபில்தான் கொடுத்துப் பார்க்கணும்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? கால்சியம் ஏற்கெனவே இருக்கிற இந்தக் கணக்கில் 4 எஸ் க்யூப் வேலைக்கே ஆகாது. கட்டத்தை மட்டும் படிச்ச பிள்ளை இங்கே முழிக்கும். யூனிட்டோட, அயனியை எண்ணிப் படிச்ச பிள்ளை போட்டுடும். அந்தப் பிள்ளைக்கு ரேங்கும் வரும், ஐயா. பரீட்சையில் கிராமில் கேட்டா இவங்க என்ன பண்ணுவாங்களாம்?

கோச்சிங்காரங்களை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? ஃபீஸ் கட்டறது நாமதானே. லட்சம் கட்டறோம், எத்தனை மார்க்னு மட்டும் கேட்கறோம். கத்தரிக்காயைக்கூட ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்து வாங்கற ஜாதி நாம! அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் எழுந்து நின்னு கேளுங்க: கரைதிறனைக் கிராமிலும் மில்லிகிராமிலும் கொடுங்க, ஒவ்வொரு வரியிலும் யூனிட் எழுத வைங்க, எழுதலைன்னா மார்க்கைக் குறைங்க. வீட்டில் சொசைட்டி போர்வெல் தண்ணி ரிப்போர்ட்டை வாங்கிப் பிள்ளை முன்னாடி வைங்க. மில்லிகிராமை மோலாக மாத்தட்டும். அரை மணி நேரம் போதும்.

கொசுறு: ஸ்கேனுக்கு முன்னாடி குடிக்கச் சொல்ற பேரியம் மீல், பேரியம் சல்ஃபேட். பேரியம் அயனி விஷம், ஆனா அந்த உப்பு லிட்டர் தண்ணீரில் கரையறது சுமார் 2.4 மில்லிகிராம்தான். அதன் கே.எஸ்.பி. சுமார் 1.1 × 10⁻¹⁰, ஒரு மோல் எடை 233 கிராம். கே.எஸ்.பி.யிலிருந்து அந்த 2.4-க்கு வந்து சேர முடியுதான்னு உங்க பிள்ளையைக் கேட்டுப் பாருங்க. பின்னூட்டத்தில் விடையை யூனிட்டோட எழுதணும். யூனிட் இல்லாத விடை வெளியிடப்பட மாட்டாது :-)