டெண்ட் பட்ஜெட்ல விட்டுப்போன ஒரு வரி

1/ குற்றாலம் சீசன் வந்தா "பைக், டெண்ட், ஒரு மாசம், இவ்ளோ ரூபாய்"னு பட்ஜெட் பதிவுகளும் வந்துடும். பெட்ரோல், சாப்பாடு, கேஸ் அடுப்பு வரைக்கும் கணக்கு இருக்கும். காய்ச்சல்ல படுத்தா என்ன செலவுன்னு மட்டும் இருக்காது. அரசு மருத்துவமனை டாக்டரா அந்த வரியைப் பத்திப் பேசணும்.

2/ முதல்ல, மிச்சம் பிடிக்கக் கூடாத இடம். ரூம் வாடகைக்குப் பயந்து ஓடைக்கரையில டெண்ட் போடாதீங்க. கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல பெய்யுற மழை வெள்ளமா இறங்கும். 2024 மே 17, பழைய குற்றால அருவியில அப்படி வந்த வெள்ளத்துல 17 வயசுப் பையன் இறந்துபோனான். அது பட்டப்பகல். ராத்திரி, தூக்கத்துல வந்தா?

3/ அடுத்தது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புல், புதர்ல இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு வரும். வலிக்காது. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் காய்ச்சல். அப்போ நீங்க வேற ஊர்ல இருப்பீங்க. அக்குள், தொடை இடுக்கு, இடுப்புல சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் புண் இருக்கான்னு பாருங்க. புண் இல்லைன்னாலும், காடு மேட்டுல தங்கினதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்சிசைக்ளின்ங்கிற மலிவான மாத்திரை போதும். விட்டா நுரையீரல், கிட்னி, மூளை வரைக்கும் போய் ஐசியூல முடியும்.

4/ குரங்கோ நாயோ கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரேபிஸ் ஊசி 0, 3, 7, 28-ம் நாள். ஒரு மாசப் பயணத்துல நாலு ஊசியும் நாலு ஊர்ல வரலாம். சீட்டைப் பத்திரமா வைங்க. அடுத்த ஊசியை அந்தந்த ஊர் அரசு மருத்துவமனையிலயே போட்டுக்கலாம்.

5/ "எல்லாம் ஜிஹெச்ல இலவசம்தானே, எதுக்குத் தனி பட்ஜெட்?" சரிதான். ரேபிஸ் ஊசி, பாம்புக்கடி மருந்து, 108 எல்லாம் இலவசம். ஆனா படுத்து எழுந்திருக்க நாள் வேணும். கூட இருக்கிறவர் தங்கணும், சாப்பிடணும். அந்தக் காசு கையில இல்லாதவங்கதான் பாரசிட்டமால் போட்டுக்கிட்டு அடுத்த ஊருக்கு வண்டியை எடுக்கிறாங்க.

6/ அதனால என் கணக்கு இது: 5 நாள் ரூம் வாடகை, சாப்பாடு, வீட்டுக்குத் திரும்புற டிக்கெட். இதைத் தனியா எடுத்து வைங்க, தொடாதீங்க. காசு பத்தலையா? 30 நாள் பயணத்தை 25 ஆக்குங்க. இந்த வரியை மட்டும் வெட்டாதீங்க.