விண்ணோடத்தின் வீடு எது?

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதப் பலர் உளர், விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற யான் வேறேதேனும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபின்னரே எதை எழுதுவது என்ற கவலை பிடித்தது. அப்பொழுது 2025ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த ஒரு பிணக்கு நினைவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற விண்ணோடம் ஒன்றை எந்த நூதனசாலையில் வைப்பது என்பதே அப்பிணக்கு. வாவிக்கரையில் வாழும் நமக்கு இஃது எட்டாத செய்தி போலத் தோன்றும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

டிஸ்கவரி என்பது அவ்வோடத்தின் பெயர். 1984இல் முதன்முறை பறந்து, 2011இல் ஓய்வு பெறுமுன் 39 தடவை விண்ணிற் சென்று மீண்டது. ஹபிள் தொலைநோக்கியை 1990இல் விண்ணிற் கொண்டுசேர்த்தது அதுவே. 1986இல் சலெஞ்சரும் 2003இல் கொலம்பியாவும் தம்முள் இருந்தாரோடு அழிந்தபின், இரு முறையும் மீளப் பறக்கத் துணிந்த முதல் ஓடமும் அதுவே. அத்துணை உழைத்த ஊர்தியை 2012ஆம் ஆண்டு சித்திரையில் நாசா நிறுவனம் சிமித்சோனியன் நிறுவனத்துக்கு முழு உரிமையோடு கையளித்தது. தலைநகர் வாஷிங்டனுக்கு அண்மையில், வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள அந்நிறுவனத்தின் நூதனசாலையில் அது வைக்கப்பட்டது.

ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரத்தாருக்கு மனம் ஆறவில்லை. விண்வெளி வீரர் பயின்றதும், ஒவ்வொரு பறப்பையும் இராப்பகலாக இருந்து நெறிப்படுத்தியதும் அவர்தம் நகரிலேயாம். ஓடங்கள் வேர்ஜீனியாவுக்கும் புளோரிடாவுக்கும் லொஸ் ஏஞ்சல்சுக்கும் பங்கிடப்பட்டன. விண்ணுக்கே செல்லாத பரிசோதனை ஓடங்கூட நியூயோர்க்கை அடைந்தது. ஹூஸ்ரனுக்கு வாய்த்ததோ மாதிரியுரு ஒன்றே. பந்தலிட்டவனை வாசலில் நிறுத்திப் பந்தி பரிமாறியது போன்ற செயல் இது. அவர் மனத்தாங்கலை யான் குறைகூறேன்.

ஆயினும் அவர்தம் செனற்றர்கள் தேடிய வழியை ஏற்க இயலவில்லை. 2025 யூலை 4ஆம் திகதி நிறைவேறிய பெருஞ் சட்டமொன்றினுள், மனிதரை ஏற்றி விண்சென்ற ஊர்தி ஒன்றை ஹூஸ்ரனுக்கு மாற்றுவதற்கும், அதற்குரிய மண்டபம் எழுப்புவதற்குமாக எட்டரைக் கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. டிஸ்கவரியின் பெயர் அதில் இல்லை. கருத்தில் இருந்தது அதுவே என்பதை யாவரும் அறிவர். உரிமை எமதே என்றது சிமித்சோனியன். அனுப்புஞ் செலவு மட்டுமே பன்னிரண்டு கோடி டொலருக்கு மேலாகும் என்றும், ஓடத்தைப் பகுதி பகுதியாகக் கழற்ற நேரும் என்றும் எச்சரித்தது.

கழற்றுவது ஏன் என மாணவர் கேட்கக்கூடும். முன்னர் ஓடங்களை முதுகிற் சுமந்து பறந்த இரண்டு போயிங் விமானங்களும் ஓய்வுபெற்றுத் தாமே காட்சிப் பொருள்களாகிவிட்டன. எஞ்சுவன தரைவழியும் நீர்வழியுமே. ஓடத்தின் நீளம் 122 அடி. இறக்கையின் அகலம் 78 அடி. ஒரு வண்டி ஏறினால் எதிர்வண்டி காத்துநிற்கும் நம் பழைய கல்லடிப் பாலத்தை எண்ணிக்கொள்க. 2012இல் எண்டெவர் என்னும் ஓடத்தை லொஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் 12 மைல் கொண்டுசெல்ல ஏறத்தாழ 400 மரங்களை வெட்டவேண்டியதாயிற்று. அதுவும் இறக்கை கழற்றாத பயணம். வெப்பந் தாங்கும் ஓடுகள் ஆயிரமாயிரமாய் ஒட்டிய உடலை அறுத்துப் பின் பொருத்தினால், உருவம் மீளும். விண்ணிலிருந்து வந்தவாறே நிற்கும் பொருள் என்ற தகுதி மீளாது.

நம்மூரிலே மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வீட்டின் கூரையைப் பிரித்து இளையவளுக்குக் கொடுக்க எந்தத் தாயும் முன்வாராள். ஹூஸ்ரன் உண்மையில் உழைத்த நகர். எனினும் டிஸ்கவரி இருந்த இடத்திலேயே இருப்பதுதான் முறை.

இத்தீர்ப்பைக் கூறியவனிடம், அங்ஙனமாயின் இலண்டனில் இருக்கும் தாராவும் இருந்த இடத்திலேயே இருக்கலாமோ என்று ஒரு மாணவன் கேட்டால் யாது விடை? பிரித்தானிய நூதனசாலையில் 143 சதமமீற்றர் உயரமான, பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரா நிற்கின்றாள். எட்டாம் நூற்றாண்டுப் படைப்பு. திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழைக்கரையிற் கிடைத்ததாகவே அங்குக் குறித்துள்ளனர். 1812 முதல் 1820 வரை இங்குத் தேசாதிபதியாய் இருந்த றொபேட் பிரௌன்றிக் 1830இல் அதனைக் கொடுத்தார். இடை சிறுத்து மேலாடையின்றி நிற்கும் அவ்வுருவைப் பொதுமக்கள் காணலாகாதென்று முப்பது ஆண்டளவு ஆய்வாளருக்கு மட்டுமே காட்டினராம்!

டிஸ்கவரியை உரியவர் மனமொத்துக் கொடுத்தனர். தாராவோ இந்நாட்டு மக்கள் கூடியிருந்து தாரைவார்த்த பொருளன்று. ஆட்சிக்கு வந்தவர் எடுத்துச்சென்று கொடுத்த பொருள். ஆதலின் 'வீட்டுக்குக் கொண்டுவருவோம்' என்னும் ஒரே சொல் ஹூஸ்ரனார் வாயில் ஒரு நிறையும் நம் வாயில் வேறு நிறையும் பெறுகின்றது. பிரித்தானிய நூதனசாலையின் கையைக் கட்டுவது 1963ஆம் ஆண்டுச் சட்டம். மனமுண்டாயின் வழியுண்டென்பதை ஒல்லாந்தர் காட்டினர்: 1765இல் கண்டியிற் கவர்ந்த லெவ்கேயின் பீரங்கி உட்பட ஆறு பொருள்களை அவர்கள் 2023இல் மீள அளித்தனர்.

தாரா பௌத்தத் தெய்வம், சைவர்க்கு அதனோடு என்ன உறவு என்பாரும் நம்முள் உண்டு. அச்சிலையை ஒரு காலத்தில் பத்தினித் தெய்வம் என்றே அறிஞர் கருதினர். வைகாசியிற் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடும் எழுவான்கரையும் படுவான்கரையும் அப்பெயரைக் கேட்டு முகந்திருப்புமோ? திரும்பினாலும் கொழும்புக்குத்தானே போகும் என்பது அடுத்த முறைப்பாடு. இதில் நியாயம் உண்டு. கீழைக்கரையிற் கிடைத்த பொருளைக் கீழைக்கரைப் பிள்ளைகள் காண வேண்டும். ஆனால் கேட்குமுன் நம்மிடம் இடம் ஆயத்தமா?

இதனை நான் பட்டறிந்தே எழுதுகின்றேன். எம் இல்லத்தில் கண்ணகி வழக்குரை ஏடொன்று இருந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியிற் கூரை போயிற்று. மறுநாட் காலை ஏடுகள் கிணற்றடிச் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. எஞ்சிய பதினொரு ஏடுகள் இன்றும் ஒரு தகரப் பெட்டியில் என் கட்டிலடியில் உள்ளன. உப்புக்காற்றும் ஈரமும் புகாத அறை ஒன்றும், பொருளைக் கணக்கெழுதிக் காக்கப் பயின்ற இருவரும் இருப்பின், அதுவே தாராவைக் கேட்பதற்கு முதற்படி. பழைய மாணவருள் பொறியியலாளர் உளர். வழக்கறிஞரும் பொருள்வளம் உடையோரும் உளர். அவ்வறைக்கு அத்திவாரம் இடும் நாளில் எனக்கு ஒரு சொல் அனுப்புக. பெட்டியோடு வருவேன்.